நாற்பத்தோராம் வரியில் நின்ற மழை

2024 ஒக்டோபர் பதினைந்தாம் திகதி செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு யட்டவத்தவுக்கு வந்த மழை தரையில் இறங்காமல் தென்னை உயரத்தில் நின்றுவிட்டது. மேகம் கூடியது, காற்று குளிர்ந்தது, துளிகளும் புறப்பட்டு வந்தன. வந்தவை, சந்தைக் கட்டடத்தின் கூரைக்குச் சற்று மேலே, ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் அந்தரத்தில் நின்றன. அண்ணாந்து பார்த்தவர்களுக்கு ஊர் முழுக்க மணித்திரை தொங்கவிட்டது போலத் தெரிந்தது. காகங்கள் அதற்குள் புகுந்து நனைந்து வெளியே வந்தன. கித்துள் மரத்தில் பாளை சீவ ஏறியிருந்த ஒருவர் தலை முதல் இடுப்பு வரை நனைந்தும் இடுப்புக்குக் கீழே காய்ந்தும் இறங்கினார். மாத்தளையிலிருந்து வந்த பஸ் மேட்டு வளைவில் மழைக்குள் நுழைந்து வைப்பரைப் போட்டது. இறக்கத்தில் வெறும் காற்றுக்குள் வந்ததும் நிறுத்திக்கொண்டது. பல்லேகமவில் இருந்து வந்த தொலைபேசியில், அங்கேயும் வயல்களுக்கு மேல் இதே நிலைதான் என்றார்கள். நான்கு மணிக்குள் எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்கள். இதை எங்கே போய் விசாரிப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நேரே மிளகுச் சங்கத்துக்குப் போனார்கள்.

மிளகுச் சங்கம் என்பது சந்தைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறை. மிளகு, கராம்பு, சாதிக்காய் பயிர் செய்கிறவர்களுக்கு அன்றன்றைய விலையைச் சொல்வதற்காக 2007இல் தொடங்கியது. காரியதரிசி லாபிர், அந்தப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக மிளகு வியாபாரம் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஒரு கணினியை இயக்குவதற்கு, மாத்தளை நகரத்திலிருந்து சிவநந்தினி என்ற இருபத்து மூன்று வயதுப் பெண்ணை அவர் வேலைக்கு எடுத்தார். தினமும் முந்நூறு பேருக்குக் கையால் குறுஞ்செய்தி அனுப்பிச் சலித்துப்போன சிவநந்தினி, ஆறு மாதத்தில் அதற்கு ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் அது தானாக எழுந்து, மிளகு விலையையும் அன்றைய மழையையும் ஒரே செய்தியில் அனுப்பும். மழை விவரத்தை அது முதலில் ஓர் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. 2008இல் அந்தப் பக்கம் காணாமல் போனதும், முந்தைய நாட்களைப் பார்த்துத் தானே ஒரு நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும்படி அவள் மாற்றினாள். "யட்டவத்த 3.40 மழை. பல்லேகம 5.10 மழை." அப்போதிருந்து மழை அந்த நிமிடத்துக்கே வரத் தொடங்கியது.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. வசதியாக இருந்தது, வைத்துக்கொண்டார்கள். செய்தி பார்த்துப் படங்கு விரித்து மிளகு காயவைத்தார்கள், செய்தி பார்த்துச் சுருட்டினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் காலையில் செய்தி வந்த பிறகே பந்தலுக்குத் தகரம் வேண்டுமா துணி போதுமா என்று முடிவு செய்தார்கள். மிளகுக்கொடி ஒன்றுகூட இல்லாத வீடுகளும் மழைக்காகச் சங்கத்தில் சேர்ந்தன. மழையைப் பார்த்துச் செய்தி வருகிறதா, செய்தியைப் பார்த்து மழை வருகிறதா என்று எவரும் கேட்கவில்லை. லாபிர் முதலாவதுதான் என்று சொல்லிக்கொண்டார். உண்மை தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சிவநந்தினி நினைத்திருந்தாள். 2009 பெப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம், புரோகிராமைப் பரிசோதிப்பதற்காக 'சங்கத்து வாசல், 1.15, இரண்டு நிமிடம்' என்று சும்மா அடித்துப் பார்த்தாள். 1.15க்குச் சங்கத்து வாசலில், படிக்கட்டின் அகலத்துக்கு மட்டும், இரண்டு நிமிடம் மழை பெய்தது. அவள் அந்த வரியை அழித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் கல்யாணமாகி மாத்தளைக்கே திரும்பிப் போனாள். இப்போது அவளுக்கு வயது நாற்பது. கோயில் வீதிக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பி, கடவுச்சீட்டுப் படிவம், அடையாள அட்டை லெமினேட் என்று ஒரு சின்னக் கடை.

செவ்வாய்க்கிழமை மாலை லாபிரின் அழைப்பு வந்தபோது அவள் லெமினேட் மெஷினுக்குள் ஓர் அட்டையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, லாபிர் பேசுற. ஒங்கட மழை வந்து நிக்கிது. எறங்குதில்ல. நாளைக்கி ஒருக்கா வந்து பாருங்களே."

"என் மழையா, லாபிர் நானா?"

"பின்ன யாருட மழை?"

லாபிருக்கும் தெரியும் என்பது பதினைந்து வருடம் கழித்து அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அட்டை கோணலாகப் போய் மெஷினில் சிக்கியது. கணவன் மோகனராஜ் அதை மெல்ல இழுத்து எடுத்துக்கொண்டே, "நீ போய்ப் பாத்துட்டு வா, கடைய நான் பாத்துக்கிறேன்" என்றான்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் அவள் முன் இருக்கையைப் பிடித்து உட்கார்ந்தாள். பயம் இருந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையில் அவளுக்கு ஆவலே மேலோங்கி இருந்தது. மேட்டு வளைவு வந்ததும் யன்னல் வழியே கையை வெளியே நீட்டினாள். துளிகள் கையில் பட்டுப் பட்டு உடைந்தன. சில்லென்று, நேற்றைய குளிருடன் இருந்தன. வளைவு முடிந்து பஸ் இறங்கியதும் கை வெறுங்காற்றில் காய்ந்தது. மரங்களின் தலைகள் பளபளவென்றும் அடிமரங்கள் தூசியாகவும் இருப்பதைப் பார்த்தாள். மிளகுக்கொடிகள் முள்முருங்கை மரங்களில் பாதி உயரம்தான் ஏறியிருந்தன. அவற்றில் பூங்கதிர்கள் தொங்கின. மிளகுப் பூ மழை பட்டால்தான் பிடிக்கும். இந்த நான்கைந்து நாளுக்குள் படாவிட்டால் கொட்டிவிடும். பிறகு அந்த வருடத்துக்கு அந்தக் கொடியிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.

சங்கத்தில் கணினிக்கு முன்னால் இப்ஹாம் இருந்தான். லாபிரின் தங்கை மகன், முப்பத்தொரு வயது, கண்டியில் கணினி படித்தவன், ஐந்தாறு வருடமாக அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் சொன்னது இவ்வளவுதான். பழைய கணினி போன சனிக்கிழமை புகைந்து மவுத்தாகிவிட்டது. புதிய கணினி வாங்கி, புரோகிராமை அப்படியே அதில் ஏற்றினான். ஆனால் புரோகிராம் எழுதப்பட்ட கணினி மொழி இப்போது வேறு பதிப்பு. பழைய பதிப்பைப் புதிய கணினி ஏற்கவில்லை.

"நீங்க எழுதின பாஷையில, பட்டியல்ல ஈக்கிறவங்கள ஒவ்வொருத்தரா எடுக்கிற சொல்லு ஒண்டு ஈந்திச்சே அக்கா, அது இப்ப இல்ல. பாஷைய செஞ்சவங்க கழட்டிட்டாங்க."

"சொல்லாம கொள்ளாமலா கழட்டுவாங்க?"

இப்ஹாம் சற்று நேரம் சுட்டெலியை நகர்த்திக்கொண்டிருந்தான். "சொன்னாங்க. நாலு வருஷம் சத்தமாத்தான் சொன்னாங்க. பொறகு நான்தான் வாயக் கட்டிட்டேன்."

அவன் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். யாரும் அதை இப்படி யோசித்திருக்கவில்லை. 2015இலிருந்து யட்டவத்தவில் தினமும் காலை ஐந்து ஐம்பத்தெட்டுக்கு, மேகமே இல்லாத வானத்தில் ஒரு சின்ன இடி கேட்கும். பாத்திரம் நகர்கிற அளவு சத்தம். மக்கள் அதைக் கேட்டு எழுந்தார்கள், அடுப்பு மூட்டினார்கள். அது புரோகிராமின் எச்சரிக்கை. இந்தச் சொல் பழையது, வருங்காலப் பதிப்பில் எடுக்கப்படும், மாற்றி எழுதவும் என்று அது ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பில் எழுதி வைத்தது. வானமும் தன் பாட்டுக்கு அதைப் படித்தது. 2019இல் வேலைக்கு வந்த இப்ஹாம், அந்தக் கோப்பு பெருத்து இடத்தை அடைக்கிறது என்று அந்த வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு எச்சரிக்கையை நிறுத்தினான். அடுத்த நாளிலிருந்து இடி நின்றது. ஒரு கிழமைக்கு ஊரில் பாதிப் பேர் வேலைக்குப் பிந்தினார்கள். பிறகு போனில் அலாரம் வைத்துக்கொண்டார்கள்.

சிவநந்தினி புரோகிராமைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். இதை எழுதியவளை அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. இரண்டு வரியில் முடிய வேண்டியதை எட்டு வரியில் சுற்றி வளைத்து எழுதியிருந்தாள் அந்தப் பெண். ஓரிடத்தில் ஓர் எண்ணுக்குப் பெயர் வைக்கத் தோன்றாமல், ஆங்கில எழுத்தில் 'பசிக்குது' என்று பெயர் வைத்திருந்தாள். பதினாறு வருடமாக ஒவ்வொரு காலையும் மழை புறப்படுவதற்கு முன் 'பசிக்குது' பூச்சியமா என்று பார்த்துவிட்டே புறப்பட்டிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. எந்த ஊர், எத்தனை மணி என்பதெல்லாம் நாற்பதாம் வரிக்குள் ஒழுங்காக முடிந்தது. எந்தெந்த வீடு என்பது நாற்பத்தோராம் வரியில் தொடங்கியது. அங்கேதான் அந்த எடுக்கப்பட்ட சொல் இருந்தது. மழைக்கு ஊர் தெரிந்திருந்தது, வீடு தெரியவில்லை. அதனால் வந்த இடத்தில் நின்றது. புதன்கிழமை மழையும் பிற்பகல் இரண்டே காலுக்கு ஒழுங்காக வந்து, செவ்வாய்க்கிழமை மழைக்கு மேலே இடம் பார்த்து நின்றுகொண்டது. ஊர் கொஞ்சம் இருட்டியது.

எடுத்த சொல்லுக்குப் பதில் புதிய சொல் போடுவது பெரிய வேலை இல்லை. திகதியை எழுதும் முறையும் மாறியிருந்தது, அதையும் சரிசெய்தாள். மாலை நான்கரை மணிக்கு, கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் கீழே இறங்கி வந்தவள், அறுபத்து மூன்றாம் வரியில் நின்றாள். பெயர் மாரியாயி என்றால் விட்டுவிடு என்று அந்த வரி சொன்னது. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம். கூரை போட்டதும் எடுக்கணும்.'

அவளுக்கு முழுவதும் ஞாபகம் வந்தது. மாரியாயி தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தவள். வாரத்தில் இரண்டு நாள் சங்கத்துக்கு வந்து மிளகு புடைத்துத் தூசு எடுப்பாள். 2009 ஜூன் மாதக் காற்றில் அவள் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துவிட்டது. அடுத்த கிழமை போட்டுத் தருவதாகத் தோட்டத்தில் சொன்னார்கள். ஆறு அடுத்த கிழமைகள் போயின. அவளுடைய புருஷன் சளி கட்டி இழுத்துக்கொண்டு, அந்தத் திறந்த கூரைக்குக் கீழே பொலித்தீன் போர்த்திக் கிடந்தான். ஈரத் தலையோடு வந்து ஒன்றும் சொல்லாமல் மிளகு புடைத்த மாரியாயியைப் பார்த்துத்தான் சிவநந்தினி அந்த ஒரு வரியை எழுதினாள்.

"இப்ஹாம், மாரியாயி அக்கா வீட்டுக்குக் கூரை போட்டாங்களா?"

"அந்த லயத்தையே ஒடைச்சி பன்னெண்டு வருஷம். இப்ப ஏழு பேர்ச் காணியில தனி வீடு ஈக்கி அவவுக்கு. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா? அந்த மனிசி மேலதான் மழை பெய்யுறதில்லயே."

சிவநந்தினிக்குக் காதில் விழாத கதை இல்லை. யட்டவத்தப் பக்கம் மழை தொடாத ஒருத்தி இருக்கிறாளாம் என்று மாத்தளையிலும் பேசுவார்கள். ஊரில் நடக்கிற எத்தனையோ விஷயங்களில் அதுவும் ஒன்று என்று விட்டிருந்தாள். புரோகிராம் வீட்டை இடத்தால் அல்ல, பெயரால் அடையாளம் வைத்திருந்தது. அதனால் மாரியாயி எங்கே போனாலும் மழை அவளைச் சுற்றி ஒதுங்கிப் போயிற்று. பதினைந்து வருடமாக அவள் நனையவில்லை. தோட்டத்தில் உரமூடை கொண்டு போகும்போது அவளை நடுவில் நடக்க விட்டார்கள். கல்யாணப் பெண்ணைப் பந்தலுக்கு அழைத்து வரும்போது பக்கத்தில் அவள் நடந்தாள். அதற்கு வெற்றிலை வைத்து அழைத்தார்கள், முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். அவளுடைய புருஷன் 2012இல் இறந்தபோது சுடலையைச் சுற்றிலும் கொட்டியது, சிதை மட்டும் நின்று எரிந்தது. கொடுத்து வைத்தவன் என்றார்கள். மாரி என்றால் மழை என்பதையும், அந்தப் பெயருடையவளுக்கு மழை இல்லை என்பதையும் சேர்த்து எவரும் பேசிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை சிவநந்தினி மாரியாயியின் வீட்டுக்கு நடந்தாள். வீட்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பச்சை வேலி வரை வந்து கத்தரித்தது போல் நின்றது. உள்ளே ஏழு பேர்ச்சும் வெடித்த செம்மண். அதில் ஒரு புல்கூட இல்லை. சுவரோரமாக ஒன்பது நீலக் கேன்கள் வரிசையாக இருந்தன. மலை ஊற்றுப் பீலியின் தண்ணீரை அவள் அவற்றில் சுமந்து வந்துதான் சமைத்தாள், குளித்தாள், இரண்டு மிளகாய்ச் செடி வளர்த்தாள். அறுபது வயது. வேலையிலிருந்து நின்றுவிட்டாள். "அட, நந்தினிம்மா! வாங்க, வாங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டு, தேயிலைச் சாயத் தண்ணி வைத்தாள். சிவநந்தினி கோப்பையை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்தபடி சொன்னாள்.

"அக்கா, ஒங்க மேல மழை பெய்யாமப் பண்ணுனது நான்தான்."

"எப்போ?"

"ரெண்டாயிரத்து ஒம்பதுல. தகரம் பறந்திச்சே, அப்போ."

மாரியாயி சற்று யோசித்தாள். "எங்க வீட்டுக்காரரு படுக்கையில கெடந்தப்பவா?"

"ஆமாங்க்கா."

"அப்ப நல்லதுதான் பண்ணுனீங்க. அதுக்குப் பொறகு ஒரு நாளும் அந்த மனுசன் நனையல." அவள் தன் கோப்பையைக் கீழே வைத்தாள். "அதுக்கு அப்புறம்?"

"மறந்துட்டேன்."

வெளியே மழை உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு மேலே மட்டும் அந்தத் திரையிலும் சதுரமாக ஓர் ஓட்டை இருக்கும் என்று சிவநந்தினி நினைத்திருந்தாள். இல்லை, வீடு எது என்றே தெரியாமல் நின்ற மழை, மாரியாயியின் கூரைக்கு மேலேயும் நின்றது. பதினைந்து வருடத்தில் அவள் தலைக்கு நேர் மேலே மழை வந்தது இதுதான் முதல் தடவை. மாரியாயியும் அதைக் கவனித்திருந்தாள். இரண்டு நாளாகக் கழுத்து வலிக்கிற அளவு அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

"ஆத்தாவுக்கு என்னமோ கொற வச்சிட்டேன்னு நெனச்சு, மூணு வருசம் மாத்தளை கோயிலுக்கு நடந்தே வந்தேன், நந்தினிம்மா. பொறகு, இல்ல, ஆத்தாதான் ஒனக்குக் கொட புடிக்கிறான்னு சொன்னாங்க. சரின்னு அதையும் நம்புனேன். ஒருத்தவங்க மறந்துட்டாங்கன்னு மட்டும் யாரும் சொல்லல."

 சிவநந்தினி மன்னிப்பு என்ற சொல்லைப் பாதி சொன்னாள். மாரியாயி கையை அசைத்து நிறுத்தினாள்.

"இப்ப என்னா செய்யப் போறீங்க?"

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி எழுதுறேன். மழை வேணும்னா வரும். வேணாம்னா இப்ப மாதிரியே."

"ஒடனே கேட்டா என்னத்தச் சொல்றது? நீங்க ஒரு நிமிசத்துல எழுதிட்டீங்க. எனக்கு ஒரு நாளு குடுங்க, நான் யோசிக்கணும்."

சங்கத்துக்குத் திரும்பி வந்து அவள் இதைச் சொன்னபோது லாபிருக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு அங்கே யாரும் அதிகம் பார்த்ததில்லை. வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். பல்லேகமவிலிருந்து ஒரு லொறியில் வந்திருந்தவர்கள், நாற்றுமேடை வெடித்துவிட்டது என்று ஒரு கட்டி மண்ணைக் கொண்டு வந்து மேசையில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மழையும் வந்து மேலே ஏறி நின்றுவிட்டது. பட்டப்பகலில் கடைகளில் விளக்குப் போட்டார்கள்.

"ஒரு மனிசிக்காக முழு ஊரும் காஞ்சிக்கிட்டு நிக்க ஏலுமா தங்கச்சி? பூ கொட்டுது. அவட பேர அப்பிடியே உட்டுட்டு மத்தவங்களுக்குப் பெய்ய வெய்ங்க. அவட கதைய பொறகு பாப்பம்."

"போன தடவையும் அப்படித்தான், நானா, பண்ணேன். பொறகு பாக்கலாம்னு."

 லாபிர் மேசையில் இருந்த மண்கட்டியை எடுத்துக் கையில் உருட்டினார். பிறகு வெளியே போய், கூடியிருந்தவர்களிடம் சிங்களத்திலும் தமிழிலும், நாளைக்குப் பெய்யும், வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னார். அது பொய் இல்லை. அன்று இரவு சிவநந்தினி மாத்தளைக்குப் போகவில்லை; லாபிர் வீட்டில் தங்கினாள். லாபிரின் மனைவி முனவ்வரா அவளுக்குப் பாய் விரித்துக்கொண்டே கேட்டது ஒன்றுதான்: "ஒங்கள யாரும் கேக்காம ஒரு நல்லது செஞ்சா ஒங்களுக்குப் புடிக்குமா?" சிவநந்தினி அதற்கு, தெரியவில்லை ராத்தா என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மாரியாயி சங்கத்துக்கு வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். கதிரையை இழுத்துச் சிவநந்தினிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தன்னைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னாள். சிவநந்தினி அறுபத்து மூன்றாம் வரியைக் காட்டினாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"இதுதாங்க்கா ஒங்க பேரு. இங்கிலீசு எழுத்துல."

"தமிழ்ல எழுத முடியாதா?"

பழைய பதிப்பில் முடியாது. தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அதனால்தான் அன்று ஆங்கிலத்தில் எழுதினாள். புதிய பதிப்பில் முடியும் என்பது சிவநந்தினிக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. பெயரை அழித்துவிட்டுத் தமிழில் அடித்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்த மாரியாயி, திரையில் விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தாள். சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். பிறகு, வீட்டில் யோசித்து முடித்து வந்ததைச் சொன்னாள்.

"புதங்கெழமையும் சனிக்கெழமையும் எனக்கு மழை வேணும். இருவது நிமிசம். மத்த நாள்ல வேணாம், கல்யாணக்காரவுங்க கூப்புடுவாங்க. அந்தப் பந்தியில ஒக்காந்து பழகிட்டேன்."

"இருபது நிமிஷம் போதுமா?"

"அதுக்கு மேல எனக்குப் பழக்கம் இல்ல."

சிவநந்தினி அப்படியே எழுதினாள். 'தற்காலிகம்' என்ற குறிப்பை எடுத்துவிட்டு, 'மாரியாயி சொன்னபடி' என்று போட்டாள். இப்ஹாம் எச்சரிக்கைக்கு முன்னால் போட்ட குறியையும் அழித்தாள். 'பசிக்குது'வை மட்டும் விட்டுவைத்தாள். அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஒன்று இருபத்தைந்துக்குப் புரோகிராமை ஓட்டினாள். அது நாற்பதாம் வரியைத் தாண்டியது, நாற்பத்தோராம் வரியைத் தாண்டியது, முந்நூற்றுச் சொச்சம் பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தகரக் கூரையில் முதல் சத்தம் கேட்டது.

நின்ற மழைகள் வந்த ஒழுங்கிலேயே இறங்கின. முதலில் செவ்வாய்க்கிழமை மழை. அது பெரிய துளி, கொஞ்சம் பழைய வாசனை. பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தவர்கள் அதில் நனைந்தார்கள். லாபிர் தொப்பியைக் கழற்றாமல் படியிலேயே நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூன்று தடவை சொன்னார். மாரியாயி சங்கத்து வாசலுக்கு இறங்கிப் போய் நின்றாள். செவ்வாய்க்கிழமை மழை வழக்கம்போல அவளைச் சுற்றிப் பெய்தது. நாற்பது நிமிடத்தில் அது முடிந்து, அதற்கு மேலே காத்திருந்த புதன்கிழமை மழை இறங்கியது. அதன் முதல் துளி மாரியாயியின் நெற்றியில் விழுந்தது. அவள் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தாள். அடுத்தது தோளில், அடுத்தது கையில். பிறகு எண்ண முடியவில்லை. நல்ல சேலை உடம்போடு ஒட்டியது. கண்ணைத் துடைக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. தண்ணீர் கண்ணுக்குள் போய்த் தடுமாறினாள். சிவநந்தினி இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.  சரியாக இருபது நிமிடத்தில் மாரியாயியின் மழை நின்றது. சிவநந்தினியின் மேல் மட்டும் தொடர்ந்து பெய்தது. வியாழக்கிழமை மழையும் வெள்ளிக்கிழமை மழையும் இறங்கி முடிய மாலை ஆறு மணி ஆகியது.

மேட்டுப் பக்கத்தில் இரண்டு தோட்டங்களில் பூ கொட்டியிருந்தது. மற்றக் கொடிகள் எல்லாம் பிடித்தன. கொட்டியதைப் பற்றி லாபிர் சிவநந்தினியிடம் இரண்டு தடவை சொன்னார், மூன்றாம் தடவை சொல்லவில்லை. பல்லேகமவில் நாற்று பிந்தி முளைத்தாலும் முளைத்தது. மாரியாயியின் விஷயம் பரவியதும், எங்கள் வீட்டுக்கும் இன்ன நாளில் இவ்வளவு என்று எழுதித் தாருங்கள் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சங்கம் அதற்கு ஒரு படிவம் அச்சடித்தது. மூன்று மொழியிலும் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோர மழைக்காக ஒன்றிரண்டு முறை சண்டை பிடித்துக் கிராம சேவகரிடம் போனார்கள். அவர் வேலியின் நடுவைக் கணக்காக வைத்துத் தீர்த்தார். மாதத்துக்கு ஒரு முறை சிவநந்தினி யட்டவத்தவுக்கு வந்து, புரோகிராமைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டுப் போகிறாள். மொழியைச் செய்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வெளியிடுகிற அறிவித்தலை இப்ஹாம் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுகிறான்.

2025 ஜனவரி பதினோராம் திகதி அப்படி வந்தபோது அவள் மாரியாயியின் வீட்டுக்கும் போனாள். அது சனிக்கிழமை. ஏழு பேர்ச் செம்மண்ணும் முழங்கால் உயரம் களை மண்டிக் கிடந்தது. தொட்டாற்சுருங்கி, கோரை, பெயர் தெரியாத மஞ்சள் பூ. முப்பத்தைந்து வருடம் தோட்டத்தில் களை பிடுங்கிச் சம்பளம் வாங்கியவள், தன் வாசலில் ஒன்றைக்கூடப் பிடுங்காமல் விட்டிருந்தாள். எது எது வருகிறது என்று பார்க்கிறாளாம். இருவரும் அந்தக் களைக்கு நடுவில் கதிரை போட்டுச் சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பத்துக்கு மழை பிடித்தது. சிவநந்தினி கோப்பையை மூடிக்கொண்டு எழுந்து, வாசற்படியில் ஒதுங்கிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். மாரியாயி எழவில்லை. கோப்பைக்குள் மழை விழ விழக் குடித்தாள். பத்து நிமிடம் போனது. காய்ச்சல் வந்துவிடும் என்று பயந்து சிவநந்தினி உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"நீங்க உள்ள போய் ஒக்காருங்க நந்தினிம்மா. எனக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

மழை இரண்டு முப்பதுக்கு நின்றது.